கை வராத மாணவரும் ஷீல்டு பிடிக்காத மாணவரும்: ஒரு ஐடிஐ ஆசிரியருக்குப் பதில்

வெல்டர் பிரிவில் பாடம் நடத்தும் ஒரு தனியார் தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்து, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 41. திருச்சி அருகே துவாக்குடியைச் சுற்றியுள்ள பாய்லர் உதிரிபாகப் பட்டறைகளில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஐபிஆர் (இந்தியக் கொதிகலன் விதிகள்) தேர்வில் தேறிய வெல்டர். முதுகுவலியால் அந்த வேலையை விட்டுவிட்டு, பயிற்றுநர்களுக்கான சிஐடிஎஸ் படிப்பை முடித்து, மூன்று ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கிறார். இந்த ஆண்டு முதல் ஒவ்வொரு செய்முறைக்கும் பாடக்குறிப்பை அறிவு, செயல், மனப்பாங்கு என்று மூன்று களங்களாகப் பிரித்து எழுதித் தர வேண்டும் என்று முதல்வர் சொல்லியிருக்கிறார். "எனக்கு யாரும் களம் பிரித்துச் சொல்லித் தரவில்லை. மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்த்தேன், கற்றுக்கொண்டேன். இது ஃபைலுக்கான வேலை" என்பது இவருடைய எண்ணம்.

அடுத்து, இரண்டு மாணவர்களைப் பற்றி எழுதுகிறார். ஒருவர் எழுத்துப் பாடத்தில் முதலிடம். ஆனால் ஆறு மாதமாகியும் டவுன்ஹேண்டில் (தட்டையாகக் கிடக்கும் பிளேட்டில் மேலிருந்து வெல்டு செய்யும் நிலை) நேராக ஒரு பீட் (வெல்டு வரி) வரவில்லை, கை நடுங்குகிறது. "கை வராதவனுக்கு வராது, பெற்றோரை அழைத்து, அடுத்த ஆண்டு வேறு பிரிவில் சேர்த்துவிடச் சொல்லலாமா?" என்று கேட்கிறார். மற்றவர் பள்ளி விடுமுறைகளில் மாமாவின் கிரில் பட்டறையில் கைவேலை பழகியவர். அவர் போடும் ஃபில்லெட்டை (இரு பிளேட்டுகள் சேரும் மூலையில் போடும் வெல்டு) பார்த்து ஆசிரியரே வியக்கிறார். ஆனால் டாக் (பிளேட்டுகளை இடத்தில் நிறுத்தப் போடும் சிறு வெல்டு) அடிக்கும்போது அவர் ஷீல்டு (முகத்தையும் கண்ணையும் காக்கும் கவசம்) பிடிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறார். எழுத்துத் தேர்வில் தேறுவதும் சந்தேகம். "வேலை தெரிந்தவனுக்கு முழு மதிப்பெண் தருவதுதானே நியாயம்? அவசரத்துக்கு நானும் அப்படித்தான் டாக் அடிக்கிறேன். குணத்தை நாம் எப்படிச் சொல்லித்தர முடியும்?" என்கிறார்.

கடைசியாக, வளரறி மதிப்பீட்டில் (ஆண்டு முழுவதும் ஆசிரியரே செய்யும் மதிப்பீடு) எல்லோருக்கும் 90-க்கு மேல் போடும்படி நிர்வாகம் கேட்கிறது. தேர்ச்சி அடிப்படையிலான பயிற்சியில் யாரையும் தோல்வியடையச் செய்யக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கையெழுத்துப் போட வேண்டியவர் இவர்.

நீங்கள் ஏற்கெனவே தேறிய தேர்வு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன ஐபிஆர் தேர்விலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தேர்வில், எத்தனை மாதம் பழகினீர்கள் என்று உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இன்ன முறை, இன்ன பொருள், இன்ன தடிமன், இன்ன நிலை என்று முன்கூட்டியே வகுத்துச் சொல்லி, சோதனைத் துண்டு ஒன்றைக் கொடுத்து, நீங்கள் போட்ட ஜாயிண்டைக் கண்ணால் பார்த்தும் பிறகு சோதித்தும் முடிவு சொல்லியிருப்பார்கள். மேல்பூச்சு எவ்வளவு அழகாக இருந்தாலும், ரூட் (ஜாயிண்டின் அடிப்பகுதி) உருகிச் சேராமல் இருந்தால் தேறாது. மேலே இருக்கும் அழகையும் கீழே இருக்கும் குறையையும் கூட்டி இரண்டால் வகுத்து அங்கே யாரும் தேர்ச்சி கொடுப்பதில்லை. கிடைக்கும் சான்றும் எல்லா வேலைக்கும் பொதுவானது அல்ல; நீங்கள் செய்து காட்டிய நிலைக்கும் தடிமனுக்கும் உரிய வரம்புக்குள் மட்டுமே செல்லும்.

தேர்ச்சி அடிப்படையிலான பயிற்சி என்று இப்போது கல்வியாளர்கள் பேசுவதன் கரு இதுதான். எந்த வேலை, எந்தச் சூழலில், எந்தத் தரத்துக்கு என்று முன்பே எழுதி வைப்பது. அந்தத் தரத்தை மாணவர் உதவியின்றி, ஒரு முறைக்கு மேல் எட்டிக் காட்டும் வரை பயிற்சி தருவது. எட்டியதற்கு ஆதாரம் வைத்திருப்பது. ஆகவே இது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. வகுப்பறைச் சொற்களில் எழுதப்பட்டதால் அந்நியமாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

ஐடிஐக்களின் அடிப்படையான கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கியது. 2013 டிசம்பர் 27-இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்ட பிறகு, ஒவ்வொரு பிரிவின் பாடத்திட்டமும் கற்றல் விளைவுகளாகவும், ஒவ்வொரு விளைவுக்கும் கீழே மதிப்பீட்டு அளவுகோல்களாகவும் மாற்றி எழுதப்பட்டது. உங்கள் மேசையில் இருக்கும் வெல்டர் பாடத்திட்டத்திலும் இந்தப் பகுதி உண்டு. பல ஆசிரியர்கள் வாராந்திரப் பாட அட்டவணையை மட்டும் புரட்டிவிட்டு இதைத் திறப்பதே இல்லை என்பது என் அனுபவம். நீங்கள் ஒரு மாலை அதை மட்டும் எடுத்து வைத்துப் படித்தால், உங்கள் முதல்வர் கேட்பதில் பாதி அங்கேயே எழுதப்பட்டிருப்பதைக் காண்பீர்கள்.

யாரையும் தோல்வியடையச் செய்யக்கூடாது என்ற விளக்கத்தையும் இங்கேயே திருத்திக்கொள்வது நல்லது. இந்த முறையில் 'தோல்வி' என்று முத்திரை குத்துவதற்குப் பதிலாக, 'இன்னும் தேர்ச்சி பெறவில்லை' என்று பதிந்து, என்ன குறை என்று சொல்லி, மறுபடியும் செய்ய வாய்ப்பளிக்க வேண்டும். மறுவாய்ப்புக் கொடுக்க வேண்டிய கடமை ஆசிரியருக்கு உண்டு. எட்டாத தரத்தை எட்டியதாக எழுதிக் கொடுக்கும் கடமை யாருக்கும் இல்லை. இங்கிலாந்தில் 1986-இல் கொண்டுவந்த தேசியத் தொழில் தகுதி முறையின் மீதும், மதிப்பீட்டாளர்கள் கட்டங்களில் டிக் அடிப்பவர்களாகிவிட்டார்கள் என்ற குறைதான் நெடுநாள் சொல்லப்பட்டது.

மூன்று களங்களும் மேஸ்திரியும்

மேஸ்திரி பக்கத்தில் நின்று கற்றதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் உங்களோடு அந்தப் பட்டறைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் கையில் வேலை ஏறாமல் பாதியிலேயே போய்விட்டார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். மேஸ்திரியிடம் ஒன்றிரண்டு உதவியாளர்கள் இருந்தார்கள், அவசரமில்லாத வருடங்கள் இருந்தன, போனவர்களுக்கு அவர் பொறுப்பும் இல்லை. உங்களுக்கு ஒரு வகுப்பு நிறைய மாணவர்கள் இருக்கிறார்கள். கையில் இருப்பதோ ஓராண்டின் 1200 மணி நேரம். அதில் செய்முறைக்கு 840, தொழில் அறிவுக்கு 240, வேலைவாய்ப்புத் திறன்களுக்கு 120. பார்த்துப் பார்த்துத் தானாக வந்துவிடும் என்று விட்டுவிட இந்தக் கணக்கில் இடமில்லை.

கற்றலைக் களங்களாகப் பிரிக்கும் வழக்கம் அமெரிக்காவில் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழுவிடமிருந்து வந்தது. அறிவுசார் களத்தை அவர்கள் 1956-இல் வகுத்தார்கள். மனப்பாங்கைப் பற்றிய உணர்வுசார் களம் 1964-இல் வந்தது. கைத்திறனுக்குரிய உளஇயக்கக் களம் மூன்றாவதாகச் சொல்லப்பட்டதே தவிர, அதை அந்தக் குழு எழுதவே இல்லை. (கல்வி உலகில் கைவேலை கடைசி வரிசையில் நிற்பது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல போலும்.) பின்னர் பிறர் அதை நிரப்பினார்கள். அவர்களில் நம் நாட்டுக் கல்வியாளர் ஆர். எச். தவே 1970-இல் தந்த ஐந்து படிகள் பட்டறைக்கு மிகவும் பொருந்துபவை: பார்த்துச் செய்தல், சொன்னபடி செய்தல், துல்லியமாகச் செய்தல், பல அசைவுகளை இணைத்துச் செய்தல், யோசிக்காமலே இயல்பாகச் செய்தல்.

பாடக்குறிப்பின் மூன்று களங்களிலும் 'பாதுகாப்பின் அவசியத்தை உணர்வார்', 'திறனை வளர்த்துக்கொள்வார்' என்று எல்லாப் பாடத்துக்கும் ஒரே வரிகளை நகலெடுத்து ஒட்டினால், நீங்கள் சொல்வது சரி, அது ஃபைலுக்கான வேலைதான். கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதினால் அதே தாள் கருவியாகிவிடும். உதாரணமாக, 10 மி.மீ. பிளேட்டில் 3.15 மி.மீ. எலக்ட்ரோடால் (உருகும் வெல்டிங் கம்பி) டீ-ஜாயிண்ட் ஃபில்லெட் போடும் செய்முறையை எடுத்துக்கொள்வோம்.

அறிவு: கரண்டை எங்கே வைக்கிறார், ஏன் என்று சொல்கிறாரா? அண்டர்கட் (வெல்டின் ஓரத்தில் பிளேட் அரிபட்ட பள்ளம்) விழுந்த பிளேட் ஒன்றைக் கையில் கொடுத்தால், கரண்ட் கூடியதாலா, ஆர்க் (எலக்ட்ரோடு நுனிக்கும் பிளேட்டுக்கும் இடையே எரியும் மின்வில்) நீண்டதாலா, கோணம் தவறியதாலா என்று பிரித்துச் சொல்கிறாரா?

செயல்: எலக்ட்ரோடை இரண்டு பிளேட்டுக்கும் நடுவே 45 டிகிரியில் நிறுத்தி, ஆர்க் நீளம் எலக்ட்ரோடின் விட்டத்தைத் தாண்டாமல், இரண்டு பக்கக் காலும் (ஒவ்வொரு பிளேட்டிலும் வெல்டு படரும் அளவு) சமமாக வரும்படி இழுக்கிறாரா? ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்த துண்டைச் சம்மட்டியால் அடித்து மடக்கி உடைத்தால், முறிவில் ரூட் வரை உருகிச் சேர்ந்திருக்கிறதா, அல்லது நடுவே ஸ்லாக் (வெல்டின் கசடு) கோடு தெரிகிறதா?

மனப்பாங்கு: ஆர்க் மூட்டும் முன் பக்கத்தில் நிற்பவரை எச்சரிக்கிறாரா? மிச்சமான எலக்ட்ரோடு துண்டுகளைத் தரையில் விடாமல் தொட்டியில் போடுகிறாரா? குறையுள்ள பீடை கிரைண்டரால் தேய்த்து மறைக்காமல், தானாகவே உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறாரா?

ஒரு பீட் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த மூன்றும் தனித்தனியாக நடப்பதில்லை. கண், கை, முடிவு எல்லாம் ஒரே நொடியில் வேலை செய்கின்றன. பிரித்து எழுதுவதன் பயன், மாணவர் திணறும்போது எந்த இடத்தில் திணறுகிறார் என்று உங்களுக்குக் காட்டுவதுதான். உங்கள் இரண்டு மாணவர்களையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

'கை வராதவன்' என்று எழுதும் முன்

முதல் மாணவரிடம் ஆறு மாதமாகப் பீட் மேல் பீட் போடச் சொல்லியிருக்கிறீர்கள். பயிற்சியின் அளவைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நல்ல வெல்டர்களிடம் அதிகம் உண்டு. ஆனால் தவறான அசைவை ஆயிரம் முறை செய்தால், அந்தத் தவறு கையில் உறைந்துவிடும். தவேயின் படிகளில் சொன்னால், சொன்னபடி செய்வதையே இன்னும் எட்டாத ஒருவரிடம் நீங்கள் துல்லியத்தை எதிர்பார்க்கிறீர்கள். ஒரு படி கீழே இறங்கி, பின்வரும் வரிசையில் சோதித்துப் பாருங்கள்.

முதலில் கண். ஷீல்டுக்குப் பின்னால் அவர் எதைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் பளிச்சிடும் ஆர்க்கைப் பார்க்கிறார்கள். நீங்கள் பார்ப்பது அதன் பின்னால் உருகி உறையும் உலோகக் குட்டையை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லித் தராவிட்டால், சில பிள்ளைகள் மாதக்கணக்கில் கண்டுபிடிப்பதில்லை. அடுத்து, அவர் ஷீல்டின் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பயிற்சிக் கூடங்களில் கருப்புக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் வெள்ளைக் கண்ணாடி முழுக்கத் தெறிப்புப் புள்ளிகள் விழுந்து, பாதி மறைந்து கிடப்பது சாதாரணம். குருட்டுக் கண்ணாடி வழியாக நேர்கோடு போடச் சொல்லியிருந்தால் குற்றம் அவர் கையில் இல்லை. கருப்புக் கண்ணாடி இருள் அளவில் 10 அல்லது 11-ஆம் எண்ணா என்றும் பாருங்கள். கூடவே, கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ இருக்கிறதா என்று ஒரு கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பிறகு உடம்பு. அவர் நிற்கும் விதத்தை, ஆர்க் இல்லாத நேரத்தில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முழங்கை காற்றில் தொங்குகிறதா? கேபிளின் எடை முழுவதையும் மணிக்கட்டு தாங்குகிறதா? ஹோல்டரை விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்து, மூச்சையும் அடக்கிக்கொள்கிறாரா? கேபிளைத் தோள் மேலோ மேசை மேலோ சுற்றிப் போட்டு, முழங்கைக்கு ஒரு முட்டுக் கொடுத்து, உட்கார்ந்து செய்ய விட்டாலே நடுக்கத்தில் கணிசமான பங்கு போய்விடுவதுண்டு. கையுறை ஓட்டையாக இருந்து ஒருமுறை சூடு பட்டவருக்கும் கை நடுங்கும். அது திறமைக் குறைவு அல்ல, பயம். அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும், பேனா பிடிக்கும்போதும் கை நடுங்கினால் மட்டும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அதைப் பற்றி நீங்களாக எதுவும் முடிவுக்கு வர வேண்டாம்.

அதன் பிறகே அசைவு. பீட் இழுப்பதில் இரண்டு அசைவுகள் ஒன்றாக நடக்கின்றன: எலக்ட்ரோடு உருகிக் குறைய, கை கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும், அதே நேரத்தில் கோட்டின் மேல் பக்கவாட்டில் நகரவும் வேண்டும். இந்த இரண்டையும் நீங்கள் பல ஆண்டுகளாக ஒரே அசைவாகச் செய்வதால், அவை இரண்டு என்பதே உங்களுக்கு மறந்துபோயிருக்கும். மிஷினை அணைத்துவிட்டு, சாக்பீஸ் கோட்டின் மேல் வெறும் எலக்ட்ரோடை ஒரே கோணத்தில் நகர்த்தச் சொல்லுங்கள். பிறகு ஆர்க்கை மூட்டி, நகராமல், நீளத்தை மட்டும் சில நொடிகள் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டும் தனித்தனியே வந்த பிறகு சேர்த்துச் செய்யட்டும். ஆர்க் நீளம் சரியாக இருந்தால் அப்பளம் பொரிவது போலச் சீரான சத்தம் வரும், நீண்டால் அது உடைந்து தெறிக்கும் என்பதைக் கண்ணை ஒதுக்கிவிட்டுக் காதாலேயே கண்டுபிடிக்கப் பழக்குங்கள். எழுத்துப் பாடத்தில் கெட்டிக்காரர் என்பதால், செய்து காட்டும்போது காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் இவருக்கு விரைவில் ஏறும்.

சிஐடிஎஸ் படிப்பில் ஆயத்தம், விளக்கிக் காட்டல், செய்ய வைத்தல், சோதித்தல் என்ற நான்கு படிகளில் பாடக்குறிப்பு எழுதப் பழகியிருப்பீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில், அனுபவமில்லாத ஆட்களை அவசரமாகக் கப்பல் கட்டும் வேலைக்குத் தயார் செய்ய அமெரிக்காவில் கைக்கொண்ட முறை அது. எல்லாப் பாடத்துக்கும் அது வேண்டுமா என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இந்த மாணவருக்கு இப்போது வேண்டியது அதுதான். ஒரு முறை சாதாரண வேகத்தில் செய்து காட்டுங்கள், ஒரு முறை நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், ஒரு முறை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள், அதன் பிறகு அவர் சொல்லிக்கொண்டே செய்யட்டும். ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டும் சுட்டுங்கள். கோணம், வேகம், நீளம் மூன்றையும் ஒரே மூச்சில் திருத்தினால் அவருக்கு எதுவும் காதில் விழாது.

இதற்கு ஆறு வாரம் கொடுங்கள். வாரம் ஒரு பிளேட்டைத் தேதியிட்டு எடுத்து வையுங்கள். அதுவரை பெற்றோரை அழைக்க வேண்டாம். ஆறு வாரத்துக்குப் பிறகும் மாற்றமே இல்லாவிட்டால், அந்தப் பிளேட்டுகளை முன்னால் வைத்து, முதலில் மாணவரிடம் பேசுங்கள். செய்முறைத் தேர்வில் 60 விழுக்காடு கட்டாயம் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வேறு பிரிவுக்குப் போவதா, இதிலேயே தொடர்வதா என்பது அவரும் அவர் குடும்பமும் எடுக்க வேண்டிய முடிவு. அவருக்காக நீங்கள் அதை எடுத்துவிடக் கூடாது.

ஷீல்டு பிடிக்காத திறமைசாலி

இரண்டாவது மாணவரைப் பற்றி எழுதும்போது அதைக் 'குணம்' என்றே சொல்கிறீர்கள். அதற்கு முன், அவர் டாக் அடிக்கும் இடத்தில் நின்று அவருடைய இரண்டு கைகளையும் பாருங்கள். ஒரு கையில் ஹோல்டர். மறு கை, விலகாமல் இருக்கும்படி பிளேட்டைப் பிடித்திருக்கிறது. கை ஷீல்டைப் பிடிக்க மூன்றாவது கை எங்கே இருக்கிறது? சிறு பட்டறைகளில் தலைமுறைகளாகக் கண்ணை மூடிக்கொண்டு டாக் அடிப்பதற்கு இதுவே பெரும் காரணம். தலையில் மாட்டும் ஸ்கிரீன் ஒன்று, சி-கிளாம்ப் இரண்டு, முக்கோணக் காந்தம் ஒன்று: இவற்றை அவர் மேசையில் வைத்துவிட்டு, அதன் பிறகும் கண்ணை மூடுகிறாரா என்று பாருங்கள். மூடினால் அப்போது மனப்பாங்கைப் பற்றிப் பேசலாம்.

அப்படிப் பேச வேண்டி வந்தாலும், அதைக் கற்பிக்க முடியாது என்பது தவறான எண்ணம். உணர்வுசார் களத்திலும் படிகள் உண்டு. முதலில் காதுகொடுத்துக் கேட்பது, பிறகு சொன்னதால் செய்வது, பிறகு அதன் மதிப்பை உணர்ந்து தானாகச் செய்வது, கடைசியாக அது இயல்பாகவே ஆகிவிடுவது. அவர் இன்னும் முதல் படியைத்தான் தொட்டிருக்கிறார். 'ஷீல்டு பிடி' என்று திட்டுவதற்குப் பதிலாக, கண்ணில் ஆர்க் அடித்தால் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள்: புற ஊதாக்கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடுகிறது, அந்த நேரத்தில் எதுவும் தெரியாது, சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்திக் கண்ணீர் வழிகிறது. அவருக்கே இது நேர்ந்திருக்கும், கேளுங்கள், சொல்வார். அவர் கண்ணை மூடிக்கொள்ளலாம், ஆனால் பக்கத்து மேசையில் இருப்பவருக்கு எச்சரிக்கை கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆனால் இதில் எதுவும், நீங்கள் அவர் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு டாக் அடிக்கும் வரை பலிக்காது. இதைக் கடிந்து சொல்லவில்லை. செய்து காட்டும் நேரத்தில் மாணவர்கள் உங்கள் ஃபில்லெட்டை மட்டும் கற்பதில்லை. நீங்கள் எதை அவசரமாகக் கடந்துபோகிறீர்கள் என்பதையும் கற்றுக்கொள்கிறார்கள். நாளை முதல் உங்கள் டாக்கும் ஸ்கிரீனுக்குப் பின்னால்தான் விழ வேண்டும். மதிப்பிடும்போது, நீங்கள் பார்க்கிறீர்கள் என்று தெரிந்த நேரத்தில் அவர் செய்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். வேறு வேலையில் இருப்பது போலத் தள்ளி நின்று, வெவ்வேறு நாட்களில் பார்த்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய எழுத்துப் பாடத்தைப் பொறுத்தவரை, அறிவு இல்லாமல் அந்த ஃபில்லெட் வந்திருக்காது. அண்டர்கட் விழுந்தால் கரண்டைக் குறைக்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். கேள்வித்தாளில் அதற்கு என்ன பெயர் என்பதுதான் தெரியாது. அவர் போட்ட பிளேட்டையே பாடப்புத்தகமாக வைத்து, அவர் செய்ததற்குரிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வையுங்கள். வெல்டர் பிரிவில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரலாம் என்பதால், வாசிப்பு வேகமே சிலருக்குத் தடையாக இருக்கும். தேர்வு கணினி வழி நடப்பதால், திரையில் தமிழ்க் கேள்வியைப் படித்து விடையைத் தேர்வதையும் முன்கூட்டியே பழக்குங்கள். எழுத்துத் தேர்வுக்கு 33 விழுக்காடு போதும். அவருக்கு அது எட்டாத உயரம் அல்ல.

90-க்கு மேல் என்ற கையெழுத்து

இனி உங்களை அதிகம் உறுத்துகிற விஷயம். பாடத்திட்டத்திலுள்ள மதிப்பீட்டு வழிகாட்டுதலை முதல்வருக்கு முன்னால் திறந்து வையுங்கள். வளரறி மதிப்பீட்டுக்கு அங்கே மூன்று நிலைகள் உள்ளன: 60 முதல் 75 வரை, 75-க்கு மேல் 90 வரை, 90-க்கு மேல். அவ்வப்போது வழிகாட்டினால் ஏற்கத்தக்க தரத்தில் செய்பவருக்கு முதல் நிலை. சிறிதளவு உதவியோடு ஓரளவு நல்ல தரத்தில் செய்பவருக்கு இரண்டாவது. உதவியே இல்லாமல் அல்லது மிகக் குறைந்த உதவியோடு உயர்ந்த தரத்தில் செய்பவருக்கு மூன்றாவது. பாதுகாப்பு நடைமுறைகளைப் பேணுவது இந்த மூன்று நிலைகளிலுமே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே, கண்ணை மூடி டாக் அடிக்கும் வரை உங்கள் திறமைசாலிக்கு 90-க்கு மேல் போட விதியிலேயே இடமில்லை. அதை அவரிடமும் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்; மதிப்பெண்ணைக் குறைப்பதைவிட, எதைச் செய்தால் அது ஏறும் என்று தெரிவிப்பதே பயன் தரும்.

எல்லோருக்கும் 90 போடுவதில் நிர்வாகத்துக்கே ஆபத்து இருக்கிறது. மதிப்பீட்டின் ஆதாரங்களை, அதாவது செய்த வேலைகள், பதிவேடு, வாய்மொழித் தேர்வு, முன்னேற்ற அட்டவணை போன்றவற்றை, அடுத்த தேர்வு வரை தணிக்கைக்காகப் பாதுகாக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. இறுதிச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடும் முன், வெளித் தேர்வாளர் ஒவ்வொரு மாணவரின் பதிவுகளையும் பார்ப்பார். ஆண்டு முழுவதும் 92 வாங்கிய மாணவர் தேர்வன்று நேர்கோட்டு பீட் போட முடியாமல் நின்றால், கேள்வி முதல்வரை நோக்கியும் உங்களை நோக்கியும் திரும்பும். தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து என்பதால், உங்கள் மேல் முதலில் திரும்பும்.

மோதலாக இதை ஆக்க வேண்டாம். வேலையை இழக்கும் அச்சம் உங்களுக்கு இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அது நியாயமான அச்சம். "முடியாது" என்பதற்குப் பதிலாக, "இந்த மாணவர்கள் இன்னின்ன விளைவுகளில் இன்னும் தேர்ச்சி பெறவில்லை, இன்ன தேதிக்குள் மறுவாய்ப்புத் தருகிறேன், அதற்கு இவ்வளவு பிளேட்டும் எலக்ட்ரோடும் தேவை" என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தேதியிட்டுக் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் மதிப்பெண்ணைக் கூட்டச் சொல்வதற்குப் பின்னால், மறுபயிற்சிக்கான பொருள் செலவைத் தவிர்க்கும் எண்ணமே பல இடங்களில் இருக்கிறது. எனவே பேச்சை மதிப்பெண்ணிலிருந்து பொருள்களுக்கு நகர்த்தினால் ஓரளவு வழி பிறக்கும். பயிற்சிக்கு வெட்டுத் துண்டுகளை அருகிலுள்ள பட்டறைகளில் கேட்டு வாங்கலாம். அதற்குப் பிறகும் எழுத்தில் இல்லாமல் வாய்மொழியாக வற்புறுத்தினால், நீங்கள் கண்டதை மட்டும் பதியுங்கள்.

நேரம் எல்லோருக்கும் ஒன்று

தூய வடிவில் இந்த முறை, தேறியவரை உடனே அடுத்த படிக்கு அனுப்பிவிடும். தேறாதவருக்கு நேரம் கூட்டித் தரும். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று தரும் முன்கற்றல் அங்கீகார முறையில் அது இயலும். ஆனால் ஐடிஐயில் எல்லோருக்கும் ஒரே நாளில் ஆண்டு தொடங்கி ஒரே நாளில் முடிகிறது. நடைமுறையில் இந்த இடைவெளியை நிரப்ப ஆசிரியரின் திட்டமிடல் ஒன்றுதான் வழி. உங்கள் திறமைசாலிக்கு டவுன்ஹேண்டைத் திரும்பத் திரும்பக் கொடுத்துச் சலிப்பூட்டாமல், வெர்டிகலுக்கும் (செங்குத்து நிலை) ஓவர்ஹெட்டுக்கும் (தலைக்கு மேல் வெல்டு செய்யும் நிலை) அனுப்புங்கள். பிறருக்குச் செய்து காட்ட அவரை அழைக்கலாம், ஸ்கிரீன் மாட்டிக்கொண்டால் மட்டும். ஆனால் உங்களுக்குப் பதிலாக அவரையே வகுப்பு நடத்த விட்டுவிடாதீர்கள்.

ஆண்டுக்கு 150 மணி நேரப் பணியிடப் பயிற்சியோ குழுத் திட்டப்பணியோ பாடத்திட்டத்தில் உண்டு. பணியிடத்துக்கு அனுப்புவதானால், ஒவ்வொருவரும் எந்த நிலையில், எந்தத் தடிமனில், உதவியின்றி எதைச் செய்வார், எதற்கு இன்னும் மேற்பார்வை வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதி அந்தப் பட்டறைக்குக் கொடுத்தனுப்புங்கள். போகும் முன் நீங்களே ஒருமுறை அங்கே போய் நின்று பாருங்கள். ஸ்கிரீன் இல்லாமல் டாக் அடிக்கும் இடமாக அது இருந்தால், ஆறு மாதம் நீங்கள் பழக்கியதை ஒரு வாரத்தில் கலைத்துவிடும். அந்த இரண்டாவது மாணவரையாவது வேறு பட்டறைக்கு அனுப்புங்கள்.